வேர்வை குடிக்காத துணி

மயிலாள் துடைத்துவிட்டுப் போன இடத்தில் கை வைத்தவன் அந்தப் பட்டறையில் சும்மா தப்பியதில்லை. அடியோ திட்டோ விழாது. அவள் ஒரு பார்வை பார்ப்பாள், வாளியைத் தூக்கிக்கொண்டு வருவாள், முதலிலிருந்து தொடங்குவாள். சோப்புத் தண்ணீர், அலசல், மெழுகு எடுக்கும் திரவம், பாத்திரம் தேய்க்கிற பச்சை நார், ஸ்பிரிட் என்று முழுசாக ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரமும் கை வைத்தவன் பக்கத்தில் நின்று வாளி பிடிக்க வேண்டும். பட்டறை முதலாளி தரணீதரனே இரண்டு தடவை வாளி பிடித்திருக்கிறான்.

பட்டறை இருப்பது அவிநாசிபாளையத்தைத் தாண்டி, தாராபுரம் போகும் ரோட்டில். முன்பெல்லாம் பல்லடத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் சாயப்பட்டறைகளுக்குப் பீப்பாயும் பைபரில் வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கேம்பர் செய்கிறார்கள். பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி உட்கார வைக்கிற பைபர் வீடு அது. உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, குட்டி பிரிட்ஜ். வருஷமெல்லாம் கணக்கும் சரக்குக் கப்பல் ஏறும் தேதியும் பார்த்துக் கண் பூத்துப்போன திருப்பூர் ஜனம் நாலு நாள் மலையில் போய்ப் படுத்துக் கிடக்க ஆசைப்படுகிறது. ஆசைப்படட்டும், யார் வேண்டாம் என்றது.

தரணிக்கு ஒரு பெருமை உண்டு. அவன் கேம்பரின் வெளிப்புறத்தில் ஒரு ஸ்க்ரூ கூடக் கிடையாது. பைபரில் துளை போட்டால் முதல் மழையில் ஒழுகும், இரண்டாம் மழையில் விரியும். அதனால் கூரைமேல் இருக்கிற சோலார் பலகை முதல் வாசல் விளக்கு வரை எல்லாம் இரண்டு பக்கமும் ஒட்டும் கறுப்பு டேப்பில்தான் நிற்கின்றன. டேப்பா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஒழுங்காக ஒட்டினால் அதில் ஆளே தொங்கலாம். ஆனால் டேப் எதன்மேல் ஒட்டுகிறதோ அதோடுதான் அதற்கு உறவு. பைபர் மேல் ஒட்டினால் பைபரோடு நிற்கும். பைபர் மேலிருக்கும் மெழுகின்மேல் ஒட்டினால் மெழுகோடு கழன்று வரும். நடுவில் ஒன்றுமே இல்லாமல் துடைத்துக் கொடுப்பது மயிலாளின் வேலை.

இந்த வேலைக்கு அவள் வந்த கதை வேடிக்கையானது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் இருந்தவள் அவள். கைமடியாகச் சேர்ந்து, தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுத்து, பிசிர் வெட்டி, கடைசியில் செக்கிங் மேசைக்கு வந்தாள். வெள்ளைச் சட்டையில் கடுகளவு எண்ணெய்ப் பொட்டு இருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நிற்கும். அவள் பார்த்து அனுப்பிய ஒவ்வொரு பீஸுக்குள்ளும் பதினேழு என்று அச்சடித்த துண்டுச் சீட்டு இருக்கும். பழுது என்று திரும்பி வந்தால் அந்தச் சீட்டை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள். பதினேழு என்று திரும்பி வந்த பீஸ்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நாற்பத்து மூன்று வயதில் கண் மங்கியது. வெள்ளெழுத்து எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் கம்பெனியில் கண்ணாடி போட்ட செக்கரை வைத்துக்கொள்ள மனசில்லை. அவளை வாசல் பெருக்கச் சொன்னார்கள். பத்தொன்பது வருஷம் சல்லடையாய்ச் சலித்த கண்ணுக்கு விளக்குமாற்றை நீட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும். "கண்ணுதானுங்க போச்சு, கையி போகலீங்களே," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வந்தவளுக்குத் தரணியின் பட்டறையில் கிடைத்ததும் பெருக்குகிற வேலைதான். இதைச் சொல்லி அவளே சிரிப்பாள்.

ஒருநாள் பெருக்கிக்கொண்டே போனவள், ஒட்டு வேலைக்காரன் மோகன்ராஜ் துடைத்து வைத்திருந்த பைபர் சுவரின் முன்னால் நின்றாள். புறங்கையால் ஒரு தடவு தடவினாள். "மோகனு, நீ காத்தால தலைக்கு எண்ணெய் வெச்சிருக்கறயா?" என்றாள். அவன் சிரித்தான். அவள் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துச் சுவரில் வீசினாள். எல்லா இடத்திலும் தண்ணீர் படலமாய் வழிந்து இறங்க, ஐந்து விரல் அளவுக்கு ஓர் இடத்தில் மட்டும் முத்து முத்தாக நின்றது. தலையைக் கோதிய கையோடு அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்த இடம் அது. தரணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே அவள் கையிலிருந்து விளக்குமாறு இறங்கியது.

அதற்கப்புறம் அந்தப் பட்டறையில் அவள் வைத்ததுதான் சட்டம். தலையில் துணி கட்டாமல் சுவர்ப் பக்கம் போகக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் துடைத்து முடிக்க வேண்டும், சுட்ட பைபரில் ஸ்பிரிட் நொடியில் பறந்து அழுக்கை அங்கேயே விட்டுவிடும். துணியை ஒரே பக்கமாக இழுக்க வேண்டும், போன வழியே திரும்ப இழுத்தால் எடுத்த அழுக்கைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. ஒரு துணியால் துடைத்தால் அது காய்வதற்குள் இன்னொரு துணியால் ஒற்ற வேண்டும். டேப் ஒட்டி அழுத்தியபிறகு மூன்று நாள் வண்டியை நகர்த்தக் கூடாது. பெரிய படிப்பு படித்த தரணி இதில் பாதியைக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னான், மீதியை அவள் தன் கையால் கண்டுகொண்டாள்.

அவள் புருஷன் தங்கவேலு கம்பெனி வேன் ஓட்டுகிறான். காலையில் தாராபுரம் ரோட்டு ஊர்களில் பதினெட்டு பெண் பிள்ளைகளை ஏற்றித் திருப்பூரில் இறக்கி, பொழுதோடு திரும்பக் கொண்டுவந்து விடுவான். கேம்பர்கள் பட்டறையை விட்டுப் போகிறதும் அதே ரோட்டில்தான். முதல் கேம்பர் வெளியே போன அன்றே மயிலாள் அவனிடம் சொல்லிவைத்தாள்.

"ஏனுங்க, எங்க வண்டி முன்னாடி போச்சுன்னா நூறடி தள்ளியே வாங்க."

"ஏன், உன்ற வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

"எனக்கு நம்பிக்கை இருக்குதுங்க. உங்க வண்டியில புள்ளைங்க இருக்குதல்ல."

தங்கவேலு இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஆனால் நூறடி தள்ளித்தான் ஓட்டினான். சோலார் பலகை பத்து கிலோ இருக்கும், ஓடுகிற வேகத்தில் அது பறந்து வந்தால் என்ன ஆகும் என்று வண்டி ஓட்டுகிறவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்படி இருக்கையில்தான் ஆத்தப்பன் கேம்பர் கேட்டு வந்தார். ஆத்தப்பன் திருப்பூரில் கம்பெனி வைத்திருப்பவர். அறுபது தாண்டியாயிற்று. வேலையை மகனிடம் விட்டுவிட்டு மனைவி தெய்வாத்தாளோடு ஊர் சுற்றலாம் என்று முடிவு செய்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் தன் வண்டி உருவாகிறதை வீட்டிலிருந்து பார்க்க மாட்டார், தினம் வந்து பக்கத்தில் நின்று பார்ப்பார். அப்படிப் பார்க்க வந்த முதல் நாளே, மயிலாள் துடைத்து முடித்த பக்கச் சுவரில் சந்தனம் குழைத்த விரலோடு போனார்.

"ஏனுங் சாமி, அங்க வேண்டாமுங்க. பொட்டு வெக்கறதுன்னா முன்னாடி கண்ணாடியில வெச்சுக்குங்க."

"சாமிக்குப் பொட்டு வெக்கறதுக்கு உன்கிட்டக் கேக்கோணுமா மயிலா?"

"சாமி கோவிச்சுக்காதுங்க. டேப்புக் கோவிச்சுக்குமுங்க."

ஆத்தப்பன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அடுத்த நாள் வரும்போது, துடைப்பதற்கு ஆகட்டும் என்று ஒரு மூட்டை துணி கொண்டுவந்து இறக்கினார். அவர் கம்பெனியில் கட்டிங்கில் விழுந்த பனியன் துண்டுகள். எல்லாம் ஏற்றுமதிச் சரக்கு. பிசிர் இல்லை, சாயம் இல்லை, பால் வெள்ளை. கையில் எடுத்தால் முயல்குட்டியைப் பிடித்த மாதிரி இருந்தது. மயிலாள் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து விரலிடுக்கில் உருட்டினாள். இத்தனை நாள் அவர்கள் துடைத்தது உள்ளூர்க் கடையில் வாங்கிய பழைய துணியில். "இதுதானுங்க துணி," என்றாள். பழைய மூட்டையைக் கட்டி மூலையில் போடச் சொன்னவள் அவளேதான். மூட்டை வந்த அன்று பல்லடத்து டீச்சர் சித்ரகலாவுக்கான வண்டி முடியும் தறுவாயில் இருந்தது. அதன் கூரையில் சோலார் பலகை ஒட்டும் இடத்தைப் புதுத் துணியால்தான் துடைத்தாள். மூன்று நாள் கழித்து அந்த வண்டி போய்விட்டது.

அடுத்ததாக ஆத்தப்பன் வண்டியில் பந்தல் சட்டம் ஒட்டினார்கள். வண்டி நிற்கிற இடத்தில் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கிற துணிப்பந்தலைத் தாங்கும் நீளமான அலுமினியச் சட்டம் அது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஒரு முனை கழன்று தொங்கியது. மோகன்ராஜ் டேப்பைக் குறை சொன்னான். புதுச் சுருளைப் பிரித்து மறுபடி துடைத்து மறுபடி ஒட்டினார்கள். இரண்டாம் நாள் சட்டம் தரையில் கிடந்தது. மூன்றாம் தடவை மயிலாள் யாரையும் பக்கத்தில் விடவில்லை. விடிந்ததும் வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தாள். அன்று மத்தியானமே, ஆத்தப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சட்டம் மெதுவாகத் தலை சாய்ந்தது.

தரணிக்கு முகம் செத்துப்போயிற்று. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் டேப் மாறியது, ஆள் மாறவில்லை என்றால் மனசு எங்கே போகும்.

"மயிலக்கா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு மோகன் தொடைக்கட்டும். நீங்க ரெண்டு நாளைக்குத் துணி வெட்டிக் கொடுங்க, போதும்."

"சரிங் தம்பி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கண் போயிற்று என்று ஒரு கம்பெனி அனுப்பியது, இப்போது கையும் போயிற்றா என்று நினைத்தாள். கை போய்விட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது.

மறுநாள் காலையில் தகரக் கொட்டகைக்கு வெளியே, புது மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு துணியைச் சாண் சாணாக வெட்ட உட்கார்ந்தாள். மோகன்ராஜ் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தான். அவன் துணியை இழுக்கிற சத்தத்தை வைத்தே திரும்ப இழுக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. கத்தரியை ஓட்டிக்கொண்டே இருந்தாள். பத்து மணிக்கெல்லாம் வெயில் பொசுக்கியது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணில் இறங்கவே, கையிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தாள். வேர்வை போகவில்லை. இன்னொரு தரம் துடைத்தாள். நெற்றியில் இருந்தது கன்னத்துக்கு வந்தது, கன்னத்தில் இருந்தது கழுத்துக்கு வந்தது. துணி என்னவோ காய்ந்தே இருந்தது.

மயிலாள் கத்தரியைக் கீழே வைத்தாள். குடிக்க வைத்திருந்த சொம்பில் விரலை நனைத்துத் துணியின் மேல் ஒரு சொட்டு விட்டாள். சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. துணியைச் சாய்த்தாள், சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவதுபோல் ஓடிக் கீழே விழுந்தது. தங்கவேலுவின் பழைய ஈரிழைத் துண்டு ஒன்று சோற்றுத் தூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது. அதை அவிழ்த்து ஒரு சொட்டு விட்டாள். விட்ட இடம் தெரியாமல் உறிஞ்சிக்கொண்டது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாயப்பட்டறையில் துணியைக் கடைசியாக அனுப்பும்போது மெத்தென்று இருக்க சிலிகான் சாப்ட்னர் ஏற்றுவார்கள். கடையில் தொட்டவர்கள் விடக் கூடாது, அதற்காக. கம்பெனியில் அவள் இருந்தபோது ஒரு லாட் குழந்தைச் சட்டைகளில் கழுத்தில் ஒட்டிய லேபிள் எல்லாம் உரிந்து உரிந்து வந்தது. சாப்ட்னர் அதிகம், அதன்மேல் எதுவும் ஒட்டாது என்று டையிங் மாஸ்டர் இதேபோல் தண்ணீர் விட்டுக் காட்டினார். அதைக் கண்ணால் பார்த்தவள் அவள். பார்த்தவளே அந்த மெத்தென்ற துணியை எடுத்து, அதில் ஸ்பிரிட்டை ஊற்றி, சுத்தமாகக் கிடந்த பைபர் மேல் பூசியிருக்கிறாள். அழுந்தத் துடைக்கத் துடைக்க அழுந்தப் பூசியிருக்கிறாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இவள் எண்ணெயை ஊற்றி வைத்துக்கொண்டு அதன்மேல் நடந்தவள்.

கை போகவில்லை என்று தெரிந்த சந்தோஷம் ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை. டீச்சர் வண்டி ஞாபகம் வந்தது.

பக்கச் சட்டம் தொங்குகிற பாரம், அதனால் உடனே விழுந்து காட்டிக்கொடுத்தது. கூரைப் பலகை தன் பாரத்திலேயே அமுங்கிப் படுத்திருக்கும். நின்றால் ஒன்றும் தெரியாது. வேகமாக ஓடும்போது, முன்பக்கம் காற்று அடியில் புகுந்து தூக்கும்போது, அப்போது தெரியும்.

பனியன் கம்பெனி என்றால் பதினேழு என்று சீட்டு இருக்கும். இங்கே சீட்டு இல்லை. எந்த வண்டியை எந்தத் துணியில் துடைத்தோம் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மோகன்ராஜுக்கு அது ஞாபகமிருக்காது, தரணி அதைக் கவனித்தவனும் இல்லை. துணி சரியில்லை, இனி மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னால் போதும். பேர் திரும்பிவிடும், வேலையும் திரும்பிவிடும். பழுது என்று ஆத்தப்பன் தந்த மூட்டையைக் கை காட்டிவிடலாம். டீச்சர் வண்டி பத்திரமாக ஓடினாலும் ஓடும். மயிலாள் பயந்தாள், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ரோட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் சாரை சாரையாகப் போயின. ஒன்றில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை, முன்னால் ஒரு குழந்தை. அது கண்ணை விட்டு மறைவதற்குள் எழுந்துவிட்டாள்.

உள்ளே தரணியும் ஆத்தப்பனும் வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"தம்பி, சட்டம் விழுந்தது டேப்பால இல்லீங்க. என்னாலதானுங்க."

தரணி திரும்பினான். அவள் மேசைமேல் இரண்டு துணியையும் விரித்து, இரண்டிலும் சொட்டு விட்டுக் காட்டினாள். ஒன்று குடித்தது, ஒன்று குடிக்கவில்லை. ஆத்தப்பன் முகம் சிவந்துவிட்டது.

"என்ற துணியிலயா குத்தம்? இதே துணி கப்பல்ல போகுது, தெரியுமா?"

"துணியில குத்தமில்லீங் சாமி. உடுத்தறதுக்கு அது தங்கமுங்க. தொடைக்க எடுத்தனல்லங்க, அது என்ற குத்தமுங்க. சாப்ட்னர்னு எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். மெத்துன்னு இருந்ததுல மயங்கிட்டனுங்க."

"அப்பச் சரி, துணிய மாத்திக்கலாங் அக்கா," என்றான் தரணி. அவனுக்கு மூச்சு வந்திருந்தது. "நல்லவேளை கண்டுபிடிச்சீங்க."

"அது மட்டுமில்லீங் தம்பி. டீச்சர் வண்டி கூரையையும் இதுலதான் தொடச்சேன். அந்தப் பலகை நிக்காதுங்க. இப்பவே போன் பண்ணி வண்டிய எடுக்க வேண்டாம்னு சொல்லோணுமுங்க."

தரணி அவளைப் பார்த்தான், ஆத்தப்பனைப் பார்த்தான். பெரிய வாடிக்கையாளர் முன்னால், டெலிவரி கொடுத்த வண்டி பழுது என்று யார்தான் ஒத்துக்கொள்வார்கள்.

"அக்கா, கொஞ்சம் மெதுவாங்க. அப்பறம் பேசிக்கலாம். ஒரு வண்டியத் திருப்பிக் கூப்புட்டா பேரு என்ன ஆகும்னு ரோசனை பண்ணுங்க."

"பேரு என்னுதும் போகுதுங் தம்பி. போகட்டுமுங்க. நாளைக்கு ஆராச்சும் பின்னாடி பைக்குல வந்து, மேல விழுந்துச்சுன்னா, அப்பறம் எந்தப் பேர வெச்சு என்ன பண்றதுங்க? நீங்க கூப்புடலீன்னா நம்பரக் கொடுங்க, நான் கூப்புடறனுங்க."

தரணி பதில் சொல்வதற்குள் ஆத்தப்பன் மேசைப் பக்கம் வந்தார். அந்த வெள்ளைத் துணியை எடுத்து, தானே ஒரு சொட்டு விட்டு, அது உருள்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெட்டைச் சாப்ட்னர் போடச் சொன்னது நாந்தான்," என்றார். "போனப் போடு தரணி."

டீச்சர் குடும்பம் உடுமலைப் பக்கத்தில் ஒரு உறவுக்காரர் தோட்டத்தில் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் மூணாறு மலை ஏறுவதாக ஏற்பாடு. தரணியும் மோகன்ராஜும் மயிலாளும் பழைய ஈரிழைத் துண்டுகளை ஊரில் நாலு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு, வாளியும் ஸ்பிரிட்டுமாகப் புறப்பட்டுப் போனார்கள்.

சித்ரகலாவுக்குக் கோபம். இருக்காதா? பிள்ளைகள் இரண்டும் ஸ்வெட்டரை இப்போதே போட்டுக்கொண்டு அந்த வெயிலில் சுற்றிக்கொண்டிருந்தன. "நல்லாத்தாங்க இருக்குது. புள்ளைங்களோட மெதுவாத்தான் ஓட்டிட்டு வந்தோம், தெனமும் பாக்கறோம், அசையக்கூட இல்லை. நீங்க வந்து என்னத்துக்கு இப்பப் பிரிக்கறீங்க?" என்று கேட்டாள். மோகன்ராஜ் நெம்புவதற்கு உளியைத் தேடினான். மயிலாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பலகையின் முன் ஓரத்துக்கு அடியில் நாலு விரலைக் கொடுத்தாள். தூக்கினாள்.

நன்றாக எண்ணெய் இட்ட கல்லிலிருந்து தோசை வருகிற மாதிரி அது எழுந்து வந்தது. கறுப்பு டேப் முழுக்கப் பலகையோடு வந்துவிட்டது. கூரையில் பசையின் தடம் கூட இல்லை, பைபர் பளபளவென்று கிடந்தது. பத்து கிலோப் பலகையை அவள் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு ஏணிமேல் நின்றாள். சித்ரகலா சின்னவனை இழுத்துத் தன் முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தரணி தலையைக் குனிந்துகொண்டான்.

வெயில் தாழும்வரை வண்டியைத் தென்னை நிழலில் நிறுத்திக் கூரையைக் குளிரவிட்டார்கள். பிறகு மயிலாள் தொடங்கினாள். சிலிகான் ஒரு தடவையில் போகிற சரக்கு இல்லை. சோப்பு, அலசல், மெழுகு எடுக்கும் திரவம், நார் போட்டு லேசாகத் தேய்ப்பு, ஸ்பிரிட், ஒற்றல். தண்ணீர் வீசிப் பார்த்தால் முத்து முத்தாக நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி முத்து. மூன்றாம் முறை வீசிய தண்ணீர் கூரை முழுக்க ஒரே படலமாய் விரிந்து, ஓரிடத்திலும் உடையாமல் விளிம்பு வரை போய் வழிந்தது. அதைப் பார்த்தபிறகுதான் டேப்பை எடுக்கச் சொன்னாள். இத்தனை நேரமும் அவளுக்கு வாளி பிடித்தது தரணி. யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

ஒட்டி முடித்ததும் மூன்று நாள் அசைக்கக் கூடாது என்றாள். மலைப் பயணம் மூன்று நாள் தள்ளிப்போயிற்று. பிள்ளைகள் அழுதன. சித்ரகலா அழவில்லை, கோபிக்கவும் இல்லை. மயிலாளுக்கு இளநீர் வெட்டி, தானே கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுல்லீங்க அக்கா," என்றாள். மயிலாள் இளநீரைக் குடித்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்களே," என்றாள்.

திரும்பி வந்தபிறகு பட்டறையில் ஒரு புது வழக்கம் வந்தது. தினமும் காலையில், எந்த வேலைக்கும் முன்னால், அன்றைக்கு எடுக்கிற ஒவ்வொரு துணித் துண்டின் மேலும் மயிலாள் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாள். குடித்தால் சுவருக்குப் போகும், குடிக்காவிட்டால் தரைக்குப் போகும். முன்பு அவள் கைப்பழக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தாள். டேப் ஏன் நிற்கிறது என்று அவளுக்கே முழுசாகத் தெரியாது, அதனால்தான் மனசின் ஒரு மூலையில் நூறடிப் பயம் இருந்தது. இப்போது எது ஒட்ட விடும், எது விடாது என்று தெரிந்துவிட்டது. ஆத்தப்பன் வண்டிச் சுவரையும் அப்படித்தான் துடைத்தாள். மூன்று நாள் கழித்து மோகன்ராஜ் அந்தப் பந்தல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் மடக்கித் தொங்கினான். எழுபத்தைந்து கிலோ. வண்டிதான் லேசாகச் சாய்ந்தது, சட்டம் அசையவில்லை.

டெலிவரி அன்று ஆத்தப்பனும் தெய்வாத்தாளும் காலையிலேயே வந்தார்கள். சந்தனப் பொட்டு கண்ணாடியில் வைத்தார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறித் திருப்பூர்ப் பக்கம் திரும்பியது. சரியாக அந்த நேரத்துக்குத் தாராபுரம் பக்கமிருந்து தங்கவேலுவின் வேன் வந்தது. உள்ளே பதினெட்டு பெண் பிள்ளைகள், பாட்டும் சிரிப்புமாக. கேம்பரைப் பார்த்ததும் தங்கவேலு வழக்கம்போல் பிரேக்கை மிதித்தான், இண்டிகேட்டரைப் போட்டு ஓரங்கட்டினான், அது நூறடி போகட்டும் என்று காத்து நின்றான்.

மயிலாள் வாசலிலிருந்து ரோட்டுக்கு வந்து, வேனின் பக்கத்தில் நின்றாள்.

"என்னத்துக்கு நிக்கறீங்க?"

"நூறடி?"

"வேண்டாமுங்க. நேரமாச்சு, போங்க."

"நெசமாத்தான் சொல்றயா?" என்றான் தங்கவேலு. பின்னால் திரும்பிப் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தான்.

"நான் தொடச்சதுங்க. பின்னாலயே போங்க."

அவன் கியரைப் போட்டான். வேன் ரோட்டில் ஏறி, கேம்பரை எட்டிப் பிடித்து, அதன் முதுகுக்குப் பின்னாலேயே போயிற்று. மயிலாள் நெற்றி வேர்வையை ஈரிழைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, இரண்டும் வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.